முப்பது கணினிக்கு ஒரே விடை: தானியங்கி நிறுவலும் அதில் தமிழின் இடமும்

ஒரு கணினியில் இயங்குதளத்தை நிறுவுவது கடினமான வேலையன்று; பொறுமையைச் சோதிக்கும் வேலை. எந்த மொழி, எந்த நாடு, எந்த விசைப்பலகை, வன்தட்டை எப்படிப் பிரிப்பது, பயனர் பெயர் என்ன என்று நிறுவல் நிரல் கேட்டுக்கொண்டே இருக்கும். நாம் பக்கத்திலேயே அமர்ந்து விடை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அது முடிந்ததும் ஒலிக்கு ஓர் இயக்கி, வலையமைப்புக்கு ஓர் இயக்கி, அச்சுப்பொறிக்கு ஓர் இயக்கி. அதன்பின் உலாவி, அலுவலக மென்பொருள், எழுத்துருக்கள். எல்லாவற்றிலும் ‘அடுத்து’, ‘அடுத்து’, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொடுக்க வேண்டும்.

ஒரு கணினிக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினிக்கூடத்தில் 30 கணினிகள் இருந்தால் மொத்தம் 60 மணி நேர வேலை. ஐந்து மாணவர்கள் பகிர்ந்துகொண்டாலும் ஆளுக்கு 12 மணி நேரம் ஆகும். நேரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இதில் உண்டு. முப்பது முறை கையால் செய்த வேலை முப்பது முறையும் ஒரே மாதிரி அமைவதில்லை. மூன்றாம் கணினியில் எழுத்துரு விடுபட்டிருக்கும். பதினேழாம் கணினியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க மறந்திருப்போம். அந்தப் பதினேழாம் கணினியின் முன் அமரும் மாணவன் தமிழ்க் கட்டுரையை எப்படித் தட்டச்சு செய்வான்?

இதற்கான தீர்வுதான் தானியங்கி நிறுவல். நிறுவல் நிரல் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் விடைகளை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுகிறோம். அதனை விடைக்கோப்பு எனலாம். நிரல் நம்மைக் கேட்பதற்குப் பதிலாக அக்கோப்பைப் படித்துக்கொள்ளும். இயக்கிகளும் மென்பொருள்களும் அதே ஊடகத்தில் தயாராக இருக்கும். நாம் விரலியைச் செருகி, கணினியை அதிலிருந்து தொடங்கிவிட்டு, அடுத்த கணினிக்குச் செல்லலாம்.

எக்ஸ்பி காலத்து வரலாறு

விண்டோஸ் எக்ஸ்பி 2001-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினிகளில் அந்நாளில் பெரும்பாலும் அதுவே ஓடியது. எக்ஸ்பி தட்டில் விடைக்கோப்பின் பெயர் ‘வின்என்டி.சிஃப்’. அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே எழுதிவிடலாம். கோலாலம்பூர் நேரத்தைக் குறிக்க அதில் 215 என்ற எண்ணை இட வேண்டும். இயக்கிகளை ‘ஓஇஎம்’ என்ற கோப்புறையில் போட்டு, அவை இருக்கும் வழியை விடைக்கோப்பில் குறிப்பிட வேண்டும். இந்த வேலைகளை எளிதாக்க ‘என்லைட்’ என்ற இலவசக் கருவியும் பயன்பட்டது.

எக்ஸ்பி காலத்தின் பெரிய தலைவலி வன்தட்டு இயக்கிதான். சாட்டா வகை வன்தட்டுகள் பரவியபோது, அவற்றின் கட்டுப்படுத்திகள் பலவற்றை எக்ஸ்பி தட்டு அறியவில்லை. நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி, நெகிழ்வட்டிலிருந்து இயக்கியைக் கொடுக்க வேண்டியிருந்தது. நெகிழ்வட்டு இயக்ககமே இல்லாத மடிக்கணினி வைத்திருந்தவர்களுக்கு, இயக்கியைத் தட்டுக்குள்ளேயே சேர்த்துவிடுவதுதான் வழியாக இருந்தது. ‘தனிப்பயன் தட்டு’ என்ற பழக்கம் பரவ இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் தமிழ் வருகிறது. தமிழை ஒருங்குறியில் காட்டும் திறன் விண்டோஸ் 2000-த்திலேயே லதா எழுத்துருவுடன் வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்பியை ஆங்கிலத்தில் நிறுவினால் தமிழ் தானாகச் செயல்படாது. சிக்கலான வரிவடிவ மொழிகளுக்கான கோப்புகளைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். விடைக்கோப்பில் செய்வதானால், வட்டார அமைப்புப் பகுதியில் மொழிக்குழு 15 என்று ஒரு வரி போதும். இந்திய மொழிகளுக்கான குழு எண் அது. அந்த ஒரு வரி இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கங்கள் கட்டங்கட்டமாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ தெரிந்தன.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. குறுந்தட்டின் அளவைக் குறைக்க விரும்பியவர்கள் ‘தேவையில்லாத மொழிகள்’ என்று மொழிக் கோப்புகளை நீக்கினார்கள். அவ்வாறு இளைத்த தட்டிலிருந்து நிறுவிய கணினியில், பின்னர் விரும்பினாலும் தமிழை எளிதில் சேர்க்க இயலாது. தட்டைத் தயாரித்தவருக்குத் தேவைப்படாத மொழி, அதைப் பயன்படுத்தியவருக்கும் இல்லாமற் போயிற்று. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டாலும், இந்தப் பாடம் இன்றும் பொருந்தும்.

இன்றைய விண்டோஸில் விடைக்கோப்பு

விஸ்டாவிலிருந்து நிறுவல் முறையே மாறிவிட்டது. கோப்புகளை ஒவ்வொன்றாகப் படியெடுப்பதற்குப் பதிலாக, முழு இயங்குதளமும் ‘விம்’ என்ற ஒரே படிமக் கோப்பாக வருகிறது. நிறுவும்போது அது வன்தட்டில் விரிக்கப்படுகிறது. விடைக்கோப்பு எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாறியது. ‘ஆட்டோஅன்அட்டெண்ட்’ என்ற பெயரில் விரலியின் முதற்கோப்புறையில் வைத்தால், நிறுவல் நிரல் தானே கண்டுகொள்ளும். இதை எழுதுவதற்கென்றே மைக்ரோசாப்ட் தன் ஏடிகே தொகுப்பில் ஒரு கருவியை இலவசமாக வழங்குகிறது.

விடைக்கோப்பில் ஏழு கட்டங்கள் உள்ளன. நமக்குப் பெரும்பாலும் தேவைப்படுபவை மூன்றுதான். முதலாவது, வன்தட்டைப் பிரித்து, எந்தப் பதிப்பை நிறுவுவது என்று தீர்மானிக்கும் தொடக்கக் கட்டம். இரண்டாவது, அந்தக் கணினிக்கே உரிய விவரங்களைத் தரும் கட்டம். கணினியின் பெயர் இங்கேதான் வரும். முப்பது கணினிக்கும் ஒரே பெயர் வைத்தால் வலையமைப்பில் குழப்பம் வரும். பெயருக்குப் பதிலாக ஓர் உடுக்குறியை இட்டால் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பெயர் தானாக அமையும். மூன்றாவது, பயனர் முதன்முதலில் காணும் திரைக்கான கட்டம். கணக்கு, மொழி, விசைப்பலகை, முதல் நுழைவில் ஓட வேண்டிய கட்டளைகள் ஆகியவை இதில் அடங்கும்.

நேர வலயத்தைக் குறிப்பிடும்போது ஒரு சிறு வியப்பு காத்திருக்கிறது. கோலாலம்பூர் என்று எழுதினால் விண்டோஸ் ஏற்காது. நம் நேரத்துக்கு அது வைத்திருக்கும் பெயர் ‘சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் டைம்’. அதையே எழுத வேண்டும்.

இயக்கிகளைச் சேர்த்தல்

இயக்கி என்பது வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர். ஒவ்வொரு வன்பொருளும் தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் எண்ணையும் தன் வகை எண்ணையும் சொல்லும். இயக்கியோடு வரும் ‘ஐஎன்எஃப்’ கோப்பில் அந்த எண் இருந்தால், விண்டோஸ் அதனைப் பொருத்தமான இயக்கி என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே நமக்கு வேண்டியது ஐஎன்எஃப் கோப்பும் அதன் துணைக் கோப்புகளும்தாம். நிறுவனங்கள் வழங்கும் பெரிய நிறுவல் கோப்புகளை விரித்து, உள்ளிருக்கும் இவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட எளிய வழியும் உண்டு. கூடத்திலுள்ள கணினிகளில் ஒன்று ஏற்கெனவே குறையின்றி இயங்கினால், அதிலுள்ள இயக்கிகள் அனைத்தையும் ‘டிஸ்ம்’ என்ற கட்டளையால் ஒரு கோப்புறைக்கு ஏற்றுமதி செய்யலாம். அதே டிஸ்மைக் கொண்டே அவற்றை விம் படிமத்துக்குள் சேர்க்கலாம். படிமத்தை ஒரு வெற்றுக் கோப்புறையில் பொருத்தி, இயக்கிகளை உட்கோப்புறைகளோடு சேர்த்து, மாற்றங்களைச் சேமித்துக் கழற்ற வேண்டும். பொருத்து, சேர், சேமி என்ற மூன்று படிகள்தாம்.

இங்கே பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. விரலியில் இரண்டு விம் கோப்புகள் இருக்கும். ஒன்று வன்தட்டில் நிறுவப்படும் இயங்குதளம். மற்றொன்று நிறுவல் நிரலைத் தூக்கி நிறுத்தும் சிறிய தொடக்கத் தளம். வன்தட்டுக் கட்டுப்படுத்தியின் இயக்கியை முதலாவதில் மட்டும் சேர்த்தால், நிறுவலின்போது வன்தட்டே கண்ணில் படாது. இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் செயலி கொண்ட மடிக்கணினிகள் பலவற்றில் இதனை நேரில் காணலாம். எஃப்6 நெகிழ்வட்டின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம். எனவே வன்தட்டு இயக்கியை இரண்டு கோப்புகளிலும் சேர்க்க வேண்டும். வலையமைப்பு இயக்கியையும் விட்டுவிடலாகாது. விண்டோஸ் 11 தன் முதல் திரைகளிலேயே இணைய இணைப்பைக் கேட்கிறது.

இயக்கிகள் சேரச் சேரப் படிமம் பருக்கும். விரலியை ஃபேட்32 முறையில் வடிவமைத்திருந்தால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. அப்போது டிஸ்மைக் கொண்டே படிமத்தைத் துண்டுகளாகப் பிரித்துவிடலாம். நிறுவல் நிரல் அவற்றைச் சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

ஓசையின்றி மென்பொருள் நிறுவுதல்

மென்பொருள்களும் கேள்வி கேட்காமல் நிறுவப்பட வேண்டும். இதனை ஓசையற்ற நிறுவல் என்பர். பெரும்பாலான நிறுவல் கோப்புகள் இதற்கென ஒரு நிலைமாற்றியை வைத்துள்ளன. கோப்பின் பெயரையடுத்து ஒரு சாய்கோடும் சில எழுத்துகளும் இட்டால் திரை எதுவும் தோன்றாமல் வேலை முடிந்துவிடும். எந்த எழுத்துகள் என்பது, அந்த நிறுவல் கோப்பை உருவாக்கிய கருவியைப் பொறுத்தது.

எம்எஸ்ஐ வகைக் கோப்புகளுக்குக் கியூ, என் என்ற இரண்டெழுத்துகள். இன்னோ செட்டப் கருவியால் ஆனவற்றுக்கு ‘வெரிசைலன்ட்’ என்ற சொல், இடைவெளியின்றி. என்எஸ்ஐஎஸ் வகைக்கு எஸ் என்ற ஓர் எழுத்து. அது பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும், சிறிய எழுத்தில் இட்டால் வேலை செய்யாது. இன்ஸ்டால்ஷீல்ட் வகையின் பழைய கோப்புகளுக்கு வேறொரு முறை. ஒருமுறை கையால் நிறுவி, நம் விடைகளைப் பதிவு செய்துகொண்டு, அடுத்த முறை அப்பதிவையே கொடுக்க வேண்டும். லிப்ரே ஆபீஸ் எம்எஸ்ஐ வகையாகவே வருவதால் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. அதன் இடைமுகம் தமிழிலும் உண்டு என்பது கூடுதல் நன்மை.

கட்டளைகளை வரிசையாக எழுதும்போது, ஒன்று முடிந்த பின்னரே அடுத்தது தொடங்க வேண்டும். ஓர் எம்எஸ்ஐ ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைத் தொடங்கினால் 1618 என்ற பிழை எண் வரும். முடிந்ததும் 0 வந்தால் வெற்றி. 3010 வந்தால் அதுவும் வெற்றிதான். மறுதொடக்கம் தேவை என்பது மட்டுமே அதன் பொருள். இதைப் பிழை என்று எண்ணி மீண்டும் மீண்டும் நிறுவிப் பார்த்துக் களைத்தவர்கள் உண்டு. ஓசையற்ற நிறுவலில் திரையில் எதுவும் தெரியாது என்பதால், ஒவ்வொரு கட்டளையின் முடிவு எண்ணையும் ஒரு குறிப்புக் கோப்பில் பதிவு செய்வது அறிவுடைமை.

இக்கட்டளைகளை ஓட்ட இரண்டு இடங்கள் உள்ளன. நிறுவல் முடிந்தவுடன், யாரும் நுழைவதற்கு முன்பே ஓடும் ‘செட்டப்கம்ப்ளீட்’ கோப்பு ஒன்று. முதல் நுழைவில் ஓடும் கட்டளைகள் மற்றொன்று. கணினியோடு சேர்ந்து வந்த உற்பத்தியாளர் உரிமத்தைப் பயன்படுத்தினால், ஹோம், புரோ பதிப்புகளில் முதலாவது செயல்படாது. பள்ளிகளுக்கு வரும் கணினிகள் பலவும் இத்தகையவையே. அவற்றுக்கு இரண்டாம் வழியே உகந்தது.

தமிழுக்கான மூன்று வரிகள்

இக்கட்டுரையின் மையத்துக்கு வந்துவிட்டோம். விண்டோஸில் ‘தமிழ்’ என்று மட்டும் பெயரிடப்பட்ட விசைப்பலகையைச் சேர்த்தால், கிடைப்பது இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான இன்ஸ்கிரிப்ட் அமைப்பு. அதன் எண் 00000449. நம் மாணவர்களுள் பலர் அறிந்தது அதுவன்று. ஒரு சாரார் 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையைப் பயன்படுத்துகிறார்கள். இன்னொரு சாரார் ஆங்கில எழுத்துகளின் ஒலிப்பைக் கொண்டு தட்டும் அஞ்சல் முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

அஞ்சல் நம் ஊரில் பிறந்தது. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அதன் வழிவந்த முரசு அஞ்சல் உலகத் தமிழர்களின் மேசைகளைச் சென்றடைந்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது, தமிழ்க் கணிமையின் முதன்மை நகரங்களுள் ஒன்றாக இந்நகரம் விளங்கியது. இன்று விண்டோஸிலேயே தமிழ்99-க்கு 00020449 என்றும், அஞ்சலுக்கு 00030449 என்றும் தனி எண்கள் உள்ளன. விடைக்கோப்பின் விசைப்பலகை வரியில் ஆங்கிலத்தையடுத்து இவ்விரண்டையும் அரைப்புள்ளியிட்டு எழுதிவிட்டால் போதும். தனி மென்பொருள் எதுவும் நிறுவாமலேயே இரண்டு முறைகளும் தயார். இது முதல் வரி.

இரண்டாவது, எழுத்துரு. விண்டோஸ் 10 முதல் லதா, விஜயா ஆகிய எழுத்துருக்கள் இயல்பாக வருவதில்லை. விருப்பக் கூறாகத் தனியே சேர்க்க வேண்டும். நிர்மலா எழுத்துரு இருப்பதால் தமிழ் தெரியத்தான் செய்யும். ஆனால் லதாவில் அமைத்த பழைய வினாத்தாளைத் திறந்தால் வரிகள் இடம் மாறி, இரண்டு பக்கம் மூன்று பக்கமாகும். தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற அக்கூறைச் சேர்க்கும் கட்டளையையும் வரிசையில் வைத்துவிடுங்கள். ஒருங்குறிக்கு முந்திய குறியாக்கங்களில் அமைந்த அழைப்பிதழ்களும் கோயில் அறிக்கைகளும் கையில் இருந்தால், அவற்றுக்குரிய பழைய எழுத்துருக்களையும் சேர்க்க வேண்டியிருக்கும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை ஆகிய இடங்களில் அச்சு வேலை செய்யும் நண்பர்களுக்கு இதன் தேவை நன்கு விளங்கும்.

மூன்றாவது, சோதனை. விசைப்பலகை அமைப்பு பயனருக்குப் பயனர் வேறுபடும். நிர்வாகி கணக்கில் தமிழ் தெரிகிறது என்பதால் மாணவர் கணக்கிலும் தெரியும் என்று பொருளில்லை. சோதனைக் கணினியில் புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் நுழைந்து, ‘ஸ்ரீ’, ‘கௌ’, ‘ணை’ ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். அவை சரியாக வந்தபின் மற்றக் கணினிகளுக்குச் செல்லலாம்.

எச்சரிக்கைகள்

தானியங்கி நிறுவல் கேள்வி கேட்காது. அதுவே அதன் ஆபத்தும்கூட. வன்தட்டை முழுமையாக அழிக்கும்படி விடைக்கோப்பில் எழுதியிருந்தால், விரலி செருகப்பட்ட எந்தக் கணினியையும் அது அழித்துவிடும். ஆசிரியரின் மடிக்கணினியா, கூடத்துக் கணினியா என்று அதற்குத் தெரியாது. விரலியின் மீது பெரிய எழுத்தில் குறிப்பு ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் பூட்டி வையுங்கள். புதிதாகச் செய்பவர்கள் வன்தட்டுக் கேள்வியை மட்டும் கையால் விடை சொல்லும்படி விட்டுவிடுவது நன்று.

விடைக்கோப்பில் எழுதும் கடவுச்சொல் மறைவானதன்று. உருமாற்றி எழுதியிருப்பதுபோல் தோன்றினாலும் எளிதில் படித்துவிடலாம். எனவே தற்காலிகக் கடவுச்சொல்லை இட்டு, நிறுவல் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

உரிமத்தையும் மறத்தல் ஆகாது. விடைக்கோப்பு உரிமத்தைத் தருவதில்லை. நம்மிடம் இருக்கும் உரிமத்தைப் பயன்படுத்த மட்டுமே உதவுகிறது. முகம் தெரியாத யாரோ தயாரித்த ‘எல்லாம் அடங்கிய’ படிமங்களை நம்புவது தகாது. உள்ளே எதைச் சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்பதை நாம் அறிய வழியில்லை.

முதல் சோதனைகளை மெய்நிகர் கணினியில் செய்யுங்கள். விடைக்கோப்பின் பிழைகளும் மென்பொருள் வரிசையின் பிழைகளும் அங்கேயே தெரிந்துவிடும். இயக்கிகளை மட்டும் உண்மையான கணினியில்தான் சோதிக்க இயலும்.

விண்டோஸ் மட்டுமா?

2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் புதிய செயலியையும் எதிர்பார்க்கிறது. நல்ல நிலையிலுள்ள பழைய கணினிகள் பல இதனால் ஒதுக்கப்படுகின்றன. அவற்றை லினக்ஸில் மறுவாழ்வு பெறச் செய்யலாம். அங்கும் விடைக்கோப்பு உண்டு. டெபியனில் அதன் பெயர் பிரீசீட். ரெட் ஹேட் குடும்பத்தில் கிக்ஸ்டார்ட். உபுண்டு சர்வரில் 2020 முதல் ஆட்டோஇன்ஸ்டால். பெரும்பாலான இயக்கிகள் கருநிரலோடே வருவதால் அந்த வேலை குறைவு. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் பட்டியலில் சேர்த்தால் தமிழ்99-இல் தட்டச்சு செய்யலாம்.

பேரவைகள் செய்யக்கூடியது

மாணவர் அமைப்புகளில் செயலவை ஆண்டுதோறும் மாறும். கணினி தெரிந்த ஒருவர் பட்டம் பெற்று வெளியேறினால், அவர் அறிந்தவையும் அவரோடு போய்விடுகின்றன. விடைக்கோப்பு இதற்கும் மருந்தாகிறது. ஒரு கூடத்தை எப்படி அமைத்தோம் என்பதற்கு அதுவே எழுத்துப்பூர்வமான சான்று. ஒவ்வொரு வரியும் ஏன் இடப்பட்டது என்று பக்கத்திலேயே தமிழில் குறிப்பு எழுதி வையுங்கள். எக்ஸ்எம்எல் அதற்கு இடம் தருகிறது. அடுத்த ஆண்டு வருபவர் இயக்கிகளையும் பதிப்பு எண்களையும் மட்டும் புதுப்பித்தால் போதும்.

நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டுமே ஒரு விடுமுறைக்குச் சில பள்ளிகள் என்று எடுத்துக்கொண்டாலும் செய்வதற்கு வேலை உண்டு. கையால் செய்தால் ஒரு கூடத்துக்கு 60 மணி நேரம் என்று தொடக்கத்தில் கணக்கிட்டோம். விரலிகள் ஐந்தும் சோதித்து முடித்த விடைக்கோப்பு ஒன்றும் இருந்தால், இரண்டு மாணவர்கள் காலையில் தொடங்கி மாலைக்குள் முடித்துவிடலாம். மறுநாள் அக்கூடத்துக்கு வரும் மாணவர், எந்தக் கணினியின் முன் அமர்ந்தாலும் யாரையும் கேட்காமல் தமிழில் எழுதத் தொடங்கலாம்.